ஒரே ஆலை, இரண்டு ஆய்வுகள்: அட்லாண்டிக்கைக் கடக்க 21 ஆண்டுகள் பிடித்த மருந்து ஒப்பந்தம்

அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தை ஒட்டிய ரிங்காஸ்கிடியில் மருந்து ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஐரிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வாளர் வருகிறார். முதல் நாள் காலையில் அறிமுகக் கூட்டம். அப்புறம் கிடங்கு, எடை போடும் அறை, மாத்திரை அழுத்தும் அறை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அறைக்கும் நடைபாதைக்கும் இடையே காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்று சுவரில் உள்ள மானியைக் குனிந்து பார்க்கிறார். ஒரு பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதியின் பதிவேட்டைக் கேட்டு வாங்குகிறார். எடை போட்டது யார், சரிபார்த்தது யார், அடித்துத் திருத்திய இடத்தில் கையெழுத்தும் தேதியும் உண்டா என்று பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். சில நாள்கள் இருந்து பார்த்துவிட்டு, அறிக்கை எழுதக் கிளம்புகிறார்.

கொஞ்ச காலம் கழித்து அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆய்வாளர் அட்லாண்டிக்கைக் கடந்து வருகிறார். அதே கிடங்கு, அதே மானி, அதே மாதிரிப் பதிவேடு. கேள்விகளும் முக்கால்வாசி அதேதான். நியூஜெர்சியில் இருக்கும் ஆலைக்கு ஐரோப்பிய ஆய்வாளர் போனாலும் இதே கதைதான். 2017 வரை இதுதான் வழக்கம்.

இப்படி இரண்டு முறை பார்ப்பதற்கு ஆகும் செலவைத்தான் வர்த்தகம் பேசுகிறவர்கள் வரி அல்லாத தடை என்கிறார்கள். சுங்கச்சாவடியில் யாரும் பணம் கேட்பதில்லை. ஆனால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டும், ஒரே சோதனைக்கு இரண்டு தடவை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே சுங்கவரி பல ஆண்டுகளாகச் சராசரியில் 4 விழுக்காட்டை ஒட்டியேதான் இருந்தது. பெரிய செலவு இருந்தது இந்த மாதிரி இடங்களில்தான். லண்டனில் உள்ள சிஇபிஆர் ஆய்வு மையம் 2013-இல் போட்ட கணக்கும் அதைத்தான் சொன்னது. இரு தரப்புக்கும் இடையே ஒரு பெரிய வர்த்தக ஒப்பந்தம் கைகூடினால் கிடைக்கக்கூடிய ஆதாயத்தில் 80 விழுக்காடு வரை வரிக்குறைப்பில் வராது, ஒழுங்குமுறைச் செலவைக் குறைப்பது, சேவைத் துறை, அரசுக் கொள்முதல் ஆகியவற்றைத் திறந்துவிடுவது ஆகியவற்றில்தான் வரும் என்றது.

அந்தப் பெரிய ஒப்பந்தம் வரவே இல்லை. மருந்து ஆலை ஆய்வு குறித்த சின்ன ஒப்பந்தம் ஒன்று வந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: வரி அல்லாத தடை சட்டப் புத்தகத்தில் இருப்பதைவிட, இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே உள்ள நம்பிக்கைக் குறைவில் இருக்கிறது. அந்தக் குறையை வர்த்தக அமைச்சர்கள் மேசையில் பேரம் பேசித் தீர்க்க முடியாது. வேலையை அறிந்த ஆய்வாளர்கள் ஒருவர் வேலையை ஒருவர் நேரில் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

1998-இல் இது தெரியவில்லை. அல்லது தெரிந்தும் அவசரம் விடவில்லை. 1995-இல் ஸ்பெயினின் செவியாவில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலிருந்தும் பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் கூடி ஒரு மன்றத்தைத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் அனுமதி வாங்கினால் எல்லா இடத்திலும் செல்ல வேண்டும் என்பதே அவர்களின் கோஷம். அந்த உந்துதலில் 1998 மே மாதம் லண்டனில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் ஆறு துறைகளுக்குத் தனித்தனி இணைப்புகள் (ஒப்பந்தத்தோடு சேர்த்த பின்னிணைப்புகள்) இருந்தன: தொலைத்தொடர்புக் கருவிகள், மின்காந்த ஒத்திசைவு (ஒரு மின்கருவி இன்னொன்றின் இயக்கத்தைக் குலைக்காமல் இருப்பது), மின்பாதுகாப்பு, உல்லாசப் படகுகள், மருத்துவக் கருவிகள், மருந்து உற்பத்தி.

இவற்றுக்குள் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தொலைத்தொடர்பிலும் படகிலும் கேட்டது எளிது. ஜெர்மனியில் உள்ள ஆய்வகம் அமெரிக்க விதிப்படி ஒரு கருவியைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தால் அமெரிக்கா அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். விதி மாறவில்லை, சோதிக்கிற இடம் மட்டும் மாறியது. அந்த இணைப்புகள் ஓடின. மின்பாதுகாப்பில் அதுவே நடக்கவில்லை. ஆய்வகங்களை நாங்களே நேரடியாக மதிப்பிட்டுத்தான் ஏற்போம் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா நின்றது. ஐரோப்பா கடைசியில் அந்த இணைப்பை நிறுத்திவைத்தது.

மருந்தில் கேட்டது இன்னும் ஆழமானது. இன்னொரு நாட்டு அரசு ஆய்வாளர், தன் நாட்டுச் சட்டப்படி, தன் பாணியில் செய்த ஆய்வையே நம் ஆய்வுக்குப் பதிலாக ஏற்க வேண்டும். அதற்கு எஃப்டிஏ, அப்போது ஒன்றியத்தில் இருந்த 15 நாடுகளின் அமைப்புகளையும் ஒவ்வொன்றாக எடைபோட்டு ‘சமமானது’ என்று முடிவு சொல்ல வேண்டும். கெடு மூன்று ஆண்டுகள். சமம் என்றால் அச்சு அசலாக ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்று இணைப்பிலேயே எழுதியிருந்தார்கள். ஆனாலும் அந்தச் சொல் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியின் கையைக் கட்டிப்போடும் சொல். சமம் என்று எழுதிக்கொடுத்த பிறகு ஒரு கெட்ட மருந்து உள்ளே வந்துவிட்டால் நாடாளுமன்றக் குழு முன் நின்று பதில் சொல்லப்போவது அந்த அதிகாரிதான், ஒப்பந்தம் பேசியவர் இல்லை. 2001-இல் கெடு முடிந்தது. மருந்து இணைப்பு ஒரு நாள்கூட முழுமையாகச் செயல்படவில்லை.

அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தாலிடோமைடு மாத்திரைக்கு 1960-களின் தொடக்கத்தில் அனுமதி தராமல் நிறுத்திவைத்த அலுவலகம் எஃப்டிஏ. ஐரோப்பாவில் அந்த மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனத்துடன் பிறந்தார்கள். தயங்குவதுதான் தன் கடமை என்று ஓர் அமைப்பு நினைக்க அது போதும்.

நிலைமையை மாற்றியது ஒரு துயரம். 2007-இன் கடைசியிலும் 2008-இன் தொடக்கத்திலும் அமெரிக்காவில், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின் ஊசி போட்டவர்களில் பலருக்குத் திடீரென இரத்த அழுத்தம் விழுந்தது, மூச்சு திணறியது. டயாலிசிஸ் நோயாளிகள்தான் முதலில் மாட்டினார்கள். ஹெபாரினோடு தொடர்பு இருந்திருக்கக்கூடும் என்று எஃப்டிஏ கணக்கில் எடுத்த மரணங்கள் எண்பதைத் தாண்டின. மூலப்பொருள் சீனாவின் சாங்ஜோ நகரிலிருந்து வந்திருந்தது. அதில் ஹெபாரின் போலவே சோதனையில் தோன்றும் வேறொரு மலிவான வேதிப்பொருள் கலந்திருந்தது. அப்புறம் தெரிய வந்ததுதான் இன்னும் கொடுமை. எஃப்டிஏ அந்த ஆலையை ஆய்வு செய்ததே இல்லை. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்த இன்னோர் ஆலையின் பதிவைப் பார்த்து, இது ஏற்கெனவே பார்த்த இடம் என்று விட்டுவிட்டார்கள்.

அப்போதிருந்த அமெரிக்கச் சட்டம் உள்நாட்டு ஆலைகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னது. வெளிநாட்டு ஆலைகளுக்கு அப்படி ஒரு கெடுவே இல்லை. வெளிநாட்டுக்குப் போக இருந்த கொஞ்சம் ஆய்வாளர்களிலும் கணிசமான பேர் போனது எங்கே? ஏற்கெனவே ஒரு நல்ல அரசு அமைப்பு கண்காணித்துக்கொண்டிருந்த ஐரோப்பிய ஆலைகளுக்கு. அந்த நாள்களில் சாங்ஜோவுக்குப் போகும் ஆள் குறைந்தார். இரட்டை ஆய்வு நிறுவனங்களுக்குச் செலவு என்றுதான் அதுவரை பேசினார்கள். ஹெபாரினுக்குப் பிறகு அது நோயாளிக்கே ஆபத்து என்று எஃப்டிஏவுக்கு உறைத்தது. 2008 நவம்பரில் பெய்ஜிங்கில் அலுவலகம் திறந்தார்கள், டெல்லியிலும் ஒன்று வந்தது. ஆனால் அலுவலகம் திறப்பதால் மட்டும் ஆள் பெருகுவதில்லை. யாரோ ஒருவர் ஐரோப்பாவுக்குப் போவதை நிறுத்தினால்தான் அவர் ஆசியாவுக்குப் போக முடியும்.

2012 ஜூலையில் ஒபாமா கையெழுத்திட்ட எஃப்டிஏ பாதுகாப்பு, புதுமைச் சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்தது. இரண்டு ஆண்டுக் கெடு போய், ஆபத்து அதிகம் உள்ள ஆலையை முதலில் பார் என்ற முறை வந்தது. வெளிநாட்டு அரசின் ஆய்வை ஏற்க எஃப்டிஏவுக்குத் தெளிவான அதிகாரமும் கிடைத்தது. அதற்கு நிபந்தனை, அந்த அமைப்பு அமெரிக்கத் தேவைக்கு ஏற்ற ஆய்வை நடத்தும் ‘திறன்’ உள்ளதாக இருக்க வேண்டும் என்பது.

சமம் என்ற இடத்தில் திறன். இந்த ஒரு சொல்தான் என் பார்வையில் இந்தக் கதையின் நடு. இரண்டு அமைப்புகள் சமமா என்று கேட்டால், இரண்டையும் எதிரெதிரே வைத்து வரிக்கு வரி வித்தியாசம் தேடத் தோன்றும். தேடினால் கிடைத்துக்கொண்டே இருக்கும். திறன் உள்ளதா என்று கேட்டால், அவர் வேலை செய்வதை நேரில் போய்ப் பார்க்கத் தோன்றும். ஓர் அதிகாரியால் பார்த்துவிட்டு மனசாட்சியோடு பதில் சொல்லக்கூடிய கேள்வி இரண்டாவதுதான்.

அப்படியே போய்ப் பார்த்தார்கள். ஐரோப்பிய நாடுகளின் ஆய்வு அமைப்புகளுக்குள் ஏற்கெனவே ஒரு கூட்டுத் தணிக்கைத் திட்டம் இருந்தது. ஒரு நாட்டு அமைப்பின் வேலையை இன்னொரு நாட்டு ஆய்வாளர்கள் வந்து தணிக்கை செய்வார்கள். 2014 மே முதல் எஃப்டிஏ ஆள்கள் அந்தத் தணிக்கைகளில் பார்வையாளராக உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார், என்ன பயிற்சி, தான் ஆய்வு செய்யும் நிறுவனத்தில் அவருக்குப் பங்கு இருந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். ஓர் ஆலைக்குள் அந்த நாட்டு ஆய்வாளரின் பின்னாலேயே நடந்து, எந்தக் குறையை அவர் கண்டுபிடிக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்றும் கவனித்தார்கள். ஐரோப்பியத் தரப்பு எஃப்டிஏவை அதே மாதிரி எடைபோட்டு, திறன் உண்டு என்று 2017-இல் முடிவு சொன்னது.

புதிய மருந்து இணைப்பு 2017 ஜனவரி 19 அன்று முடிவானது. அடுத்த நாள் வாஷிங்டனில் ஆட்சி மாறியது. பல வர்த்தகப் பேச்சுகளைப் புரட்டிப்போட்ட ஆட்சி அது. ஆனால் இந்த இணைப்பு அசையவில்லை, வேலை அதன் பாட்டுக்கு நடந்தது.

நடுவில் ஒரு முடிச்சு இருந்தது. ஆய்வு அறிக்கை முழுதாகக் கைக்கு வராவிட்டால் அதை நம்பி முடிவெடுக்க முடியாது. அறிக்கையிலோ நிறுவனத்தின் தொழில் ரகசியங்கள் இருக்கும். அதுவரை எஃப்டிஏ அந்த வரிகளைக் கறுப்படித்துத்தான் அனுப்பிவந்தது. 2017 ஆகஸ்டில் ஐரோப்பிய ஆணையமும் ஐரோப்பிய மருந்து முகமையும் எஃப்டிஏவும் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்ட பிறகுதான் முழு அறிக்கையும் கைமாறியது. செய்தித்தாளில் இதற்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. ஆனால் இது இல்லாவிட்டால் மீதி எல்லாம் காகிதம்தான்.

2017 நவம்பர் 1 அன்று இணைப்பு உயிர்பெற்றது. முதல் நாளில் எட்டு நாடுகளின் அமைப்புகளை எஃப்டிஏ ஏற்றது: ஆஸ்திரியா, குரோஷியா, பிரான்ஸ், இத்தாலி, மால்டா, ஸ்பெயின், சுவீடன், பிரிட்டன். ஜெர்மனி அதில் இல்லை. அங்கே மருந்து ஆய்வு மாநிலங்களின் பொறுப்பு, பல அமைப்புகளைப் பார்த்தாக வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2019 ஜூலை 11 அன்று ஸ்லோவாக்கியாவோடு 28 நாடுகளும் முடிந்தன. 1998-இல் கையெழுத்தான கனவுக்கு 21 ஆண்டுகள். எல்லாரும் ஒரே நாளில் நுழைய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், தயாரானவர்கள் முதலில் வரட்டும் என்று விட்டதும் ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

அந்த ஜூலை மாதம் இன்னொரு தடையும் விழுந்தது. ஐரோப்பியச் சட்டப்படி வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பேட்ச் மருந்தையும் ஐரோப்பாவுக்குள் மறுபடி முழுச் சோதனை செய்ய வேண்டும். அதற்கென்று தகுதி பெற்ற பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி கிடங்கை விட்டு நகரும். 28 நாடுகளும் சேர்ந்த பிறகு, இந்த இணைப்பில் அடங்கும் மருந்து அமெரிக்காவில் சோதிக்கப்பட்டிருந்தால் அதே சோதனை மறுபடி தேவையில்லை என்றானது. கையெழுத்துப் போடும் பொறுப்பு மட்டும் அவரிடமே இருக்கிறது. சந்தேகம் வந்தால் யாரும் எப்போது வேண்டுமானாலும் நேரில் போய் ஆய்வு செய்யலாம் என்ற உரிமையும் இரு தரப்பிடமும் அப்படியே இருக்கிறது. எந்த நாடும் தன் விதியில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்தவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்து எஃப்டிஏ தன் வெளிநாட்டு ஆய்வுகளைப் பெரும்பாலும் நிறுத்தியபோது, ஐரோப்பிய ஆலைகளைப் பற்றிய அறிக்கைகள் கைக்கு வந்துகொண்டிருந்தன. எதிர்பாராமல் கிடைத்த பலன் அது.

சரி, இதே காலத்தில் பெரிய ஒப்பந்தம் என்ன ஆனது? அட்லாண்டிக் கடந்த வர்த்தக, முதலீட்டுக் கூட்டு, சுருக்கமாக டிடிஐபி. 2013 ஜூலையில் தொடங்கி 2016 அக்டோபர் வரை 15 சுற்றுப் பேச்சு. கார், வேதிப்பொருள், ஒப்பனைப் பொருள், உணவு என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்குமுறை ஒத்துழைப்பு என்ற ஒரே கூடை. மருந்து ஆலை ஆய்வும் அந்தக் கூடையில் பேசப்பட்டதுதான். மேலிடத்து அழுத்தம் ஆய்வாளர்களின் வேலைக்குக் கொஞ்சம் வேகம் கொடுத்திருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன்.

கூடையில் இருந்த இன்னொரு பொருள் கோழி. அமெரிக்காவில் கோழி இறைச்சியைக் கிருமி நீக்கத் திரவத்தில் கழுவ அனுமதி உண்டு. ஐரோப்பா 1997 முதல் இதை ஏற்பதில்லை. அந்தத் திரவத்தால் உண்பவருக்குப் பாதுகாப்புப் பிரச்சினை இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பே 2005-இல் சொன்னது. நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. உறுப்பு நாடுகள் ஏறக்குறைய ஒரே குரலில் நிராகரித்தன. 2009-இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது, அதுவும் எங்கும் போய்ச் சேரவில்லை.

இதை உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் வெறும் பாதுகாப்புவாதம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படவில்லை. பண்ணை முதல் வெட்டுமிடம் வரை ஒவ்வொரு படியிலும் சுத்தம் இருக்க வேண்டும், கடைசியில் கழுவிச் சரிக்கட்டுவதற்கு இடம் கொடுத்தால் முன்படிகளில் கவனம் தளரும் என்பது ஐரோப்பியர்களின் வாதம். ஒரு சமூகம் தன் உணவு எப்படி வர வேண்டும் என்று எடுத்த முடிவு அது. மருந்தில் இரு தரப்புக்கும் குறிக்கோள் ஒன்றே: மாத்திரையில் எழுதியிருப்பது மாத்திரைக்குள் இருக்க வேண்டும். முடிவு செய்ய வேண்டியது, ஆலையை யார் பார்ப்பது என்பது மட்டுமே. கோழியில் குறிக்கோளே வேறு வேறு. திறன் உள்ளவர் என்று ஒப்புக்கொண்டாலும் அந்த வித்தியாசம் போகாது.

டிடிஐபி இந்த இரண்டு வகைத் தடைகளையும் ஒரே பெயரில் அழைத்தது. அதுதான் அதன் பெரிய பிழை என்று நினைக்கிறேன். ஆலை ஆய்வைச் சுலபமாக்குவதும் கோழியைக் கழுவுவதும் ஒரே பட்டியலில் வந்தபோது, மக்கள் பட்டியலையே சந்தேகப்பட்டார்கள். பேச்சு நடந்த விதமும் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. 2016 பிப்ரவரியில் பெர்லினில் பொருளாதார அமைச்சகத்துக்குள் ஓர் அறை திறந்தார்கள். ஜெர்மன் எம்பிக்கள் கைப்பேசியை வெளியே கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கணினித் திரையில் பேச்சு ஆவணங்களைப் படித்துவிட்டு வரலாம். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கே அந்த நிலை. அதற்கு முந்தைய அக்டோபரில் பெர்லின் தெருக்களில் திரண்டவர்கள் போலீஸ் கணக்கில் ஒன்றரை லட்சம், அமைப்பாளர்கள் கணக்கில் இரண்டரை லட்சம். ஒப்பந்தத்துக்கு எதிரான மனுவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2016 மே மாதம் கிரீன்பீஸ் நெதர்லாந்து 248 பக்கங்களை வெளியிட்டது. டிடிஐபி பேச்சு நடத்தக் கொடுத்த அதிகார ஆணை இனிப் பொருந்தாது என்று 2019 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய மன்றமே எழுதி முடித்தது. மூன்று மாதம் கழித்து ஸ்லோவாக்கியா மருந்து இணைப்பில் சேர்ந்தது.

2025 ஆகஸ்ட் 21 அன்று வெளியான அமெரிக்க–ஐரோப்பியக் கூட்டறிக்கையில், கார்களில் ஒருவர் தரத்தை மற்றவர் பரஸ்பரம் ஏற்க எண்ணியிருப்பதாக ஒரு வரி வருகிறது. மருந்தில் விதிகள் ஏற்கெனவே நெருங்கியிருந்தன, 1990 முதலே இரு தரப்பும் ஜப்பானும் ஒரே மேசையில் தொழில்நுட்ப வழிகாட்டுதல்களை எழுதிவந்தன. காரில் அடிப்படையே வேறு: அமெரிக்காவில் தயாரிப்பாளரே தன் காருக்குச் சான்று சொல்கிறார், ஐரோப்பாவில் அரசு அமைப்பு விற்பனைக்கு முன்பே ஒப்புதல் கொடுக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் எத்தனை ஆண்டு களவேலை தேவைப்படும் என்பதை மருந்து இணைப்பின் வரலாற்றை வைத்து யோசித்துப் பார்க்கலாம்.

இந்த இணைப்பு நம் ஊரையும் தொடுகிறது. 2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு தொடர்புடைய ஒரு கடுமையான கிருமித்தொற்று பரவியிருப்பது தெரியவந்தது. 18 மாநிலங்களில் 81 நோயாளிகள், நான்கு மரணங்கள், 14 பேருக்குப் பார்வை இழப்பு, நான்கு பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டிவந்தது. மருந்து தயாரானது சென்னைக்கு அருகே உள்ள ஓர் ஆலையில். பிப்ரவரி 20 அன்று எஃப்டிஏ ஆய்வாளர்கள் அங்கே நுழைந்தார்கள், கிருமிநீக்க நடைமுறையில் குறைகள் கண்டு எழுதினார்கள். ஆலையில் வைத்திருந்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை சொன்னது. எது எப்படியோ, அதற்கு முன் எஃப்டிஏ அந்த ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. ரிங்காஸ்கிடிக்குப் போகாமல் மிச்சமாகும் நாள்கள் இப்படிப்பட்ட இடங்களுக்கு வர வேண்டும் என்பதுதான் இணைப்பின் நோக்கம். அது இன்னும் முழுதாக நிறைவேறவில்லை.

இணைப்புக்கு எல்லைகளும் உண்டு. மனிதர்களுக்கான தடுப்பூசிகளும் பிளாஸ்மாவிலிருந்து வரும் மருந்துகளும் தொடக்கத்தில் அதற்கு வெளியேதான் வைக்கப்பட்டன. கால்நடை மருந்துகள் 2023 மே மாதம்தான் உள்ளே வந்தன, அதுவும் முதலில் சில நாடுகளுக்கு மட்டும். மூன்றாம் நாட்டில் உள்ள ஆலையை ஒரு தரப்பு ஆய்வு செய்தால் அந்த அறிக்கையை மறுதரப்பு ஏற்கலாம் என்று இணைப்பு சொல்கிறது. ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் ஹைதராபாத்திலோ சென்னையிலோ இரு சந்தைக்கும் மருந்து அனுப்பும் ஆலைக்கு ஓர் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளரும் வரலாம், எஃப்டிஏ ஆய்வாளரும் வரலாம். தரக்கட்டுப்பாட்டுத் துறையில் இருப்பவர் அதே பேட்ச் பதிவேட்டை இரண்டு முறை எடுத்து வைக்கத் தயாராகத்தான் இருக்க வேண்டும்.